ஆர்வெல்லா சேர்த்த பெயர்

எங்கள் பெல்ஃபோர்டில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் எல்லோரும் கூடினால் ஒரே மேஜையில் உட்கார்ந்துவிடலாம். அப்போதும் நாற்காலி மிச்சம் இருக்கும். நெப்ராஸ்காவின் இந்த மூலையில் பிள்ளைகள் ஞானஸ்நானம் வாங்கும்போதே குடியரசுக் கட்சியிலும் சேர்ந்துவிடுகிறார்கள் என்று என் அப்பா புலம்புவார். நான் அந்த ஒரு மேஜைக்காரன். ஊர் வாரப் பத்திரிகையில் முப்பது வருஷமாக அச்சுக் கோப்பவன். ஆர்வெல்லா நீப்பைப் பற்றி நான் எழுதினால் அதில் எதிர்க்கட்சிக் குசும்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அவளே உயிரோடு இருந்தால், "எழுதுடா லம்பெர்ட், ஆனா ஸ்பெல்லிங்கையாவது சரியாப் போடு" என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஆற்றுக்கு வடக்கே ஒரு சோளப் பண்ணையில் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தவள் அவள். தானியக் கிடங்கில் எடை போடும் வெண்டலைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லை. வெண்டல் அதிகம் பேசாத மனிதர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாம் வருஷம் கிடங்கு வாசலிலேயே மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு அவள் வீட்டில் பேச்சுத் துணைக்கு இருந்தது இரண்டு. சமையலறைச் சுவரில் தொங்கிய டெலிபோன் ஒன்று. அதன் மறுமுனையில் இருந்த லவோன் ஓவர்பி இன்னொன்று.

அவர்கள் சிநேகம் ஓட்டு எண்ணுகிற இடத்தில் ஆரம்பித்தது. ஐம்பத்திரண்டாம் வருஷத் தேர்தல். தீயணைப்பு நிலையத்தில் மேஜை போட்டிருந்தார்கள். ஒருத்தர் சீட்டைப் பிரித்துப் பெயரைப் படிக்க வேண்டும், இன்னொருத்தர் கோடு போட வேண்டும். ஆர்வெல்லா படித்தாள், லவோன் கோடு போட்டாள். கூட்டிப் பார்த்தால் ஒன்று உதைத்தது. நான்கு தரம் எண்ணினார்கள். ஐந்தாவது தரம்தான், யாரோ சாப்பிட்ட செர்ரிப் பழப் பலகாரத்தின் ஜாமில் இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் மேற்பார்வையாளர் கோபித்துக்கொண்டாராம். அன்றிலிருந்து குடியரசுக் கட்சியின் எந்தக் காகிதத்தை எடுத்தாலும் ஆர்வெல்லா நீப் என்ற பெயருக்கு அடுத்த வரியில் லவோன் ஓவர்பி என்றிருக்கும். நான் கோத்தவன், எனக்குத் தெரியும். ஒரு கட்டத்தில் அந்த இரண்டு பெயரையும் கலைக்காமல் சேர்த்தே எடுத்து வைத்துவிட்டேன்.

ஐம்பத்தெட்டில் லவோனின் புருஷன் லிங்கன் நகரத்து நர்ஸ் ஒருத்தியோடு போய்விட்டான். கையில் ஒன்பது வயதுப் பெண். அந்த வருஷம் மாவட்டப் பதிவாளர் வேலைக்குத் தேர்தல் வந்தது. கட்சி யாரை நிறுத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே ஆர்வெல்லா டெலிபோனைக் கையில் எடுத்தாள். இரண்டு நாள் கீழே வைக்கவில்லை என்பார்கள். மூன்றாம் நாள் வேறு யாரும் போட்டியில் இல்லை. லவோன் ஜெயித்தாள். அதன்பிறகு நான்கு வருஷத்துக்கு ஒரு தரம் ஜெயித்துக்கொண்டே இருந்தாள். நிலப் பத்திரம், கல்யாண லைசென்ஸ், ஓட்டர் பட்டியல், எல்லாம் அவள் கவுண்ட்டர் வழியாகத்தான். "என் முன்னாடி கையெழுத்துப் போடுங்க" என்பாள். சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் விடமாட்டாள். வீட்டில் போட்டுக்கொண்டு வந்த கையெழுத்தைத் திருப்பி நீட்டிவிடுவாள்.

ஆர்வெல்லா கட்சியின் மாவட்ட உபதலைவி ஆனாள். தலைவர் ஆம்பளை என்றால் உபதலைவர் பொம்பளையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். தலைவர், டிராக்டர் விற்கும் ஹார்லன் டைட்ஸ். கூட்டம் அவர் ஷோரூமில் நடக்கும். பச்சை டிராக்டர்களுக்கு நடுவில் மடக்கு நாற்காலி. ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு. காரமான பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் எப்போதும் இருக்கும். தலைவர் பேசுவார், உபதலைவி வேலை செய்வாள்.

அந்த வேலையின் உயிர்நாடி டெலிபோன்தான். தலைமையிலிருந்து ஒரு செய்தி வந்தால் ஆர்வெல்லா ஆறு பேரைக் கூப்பிடுவாள், அந்த ஆறு பேர் ஆளுக்கு ஆறேழு பேரைக் கூப்பிடுவார்கள். அரை நாளில் மாவட்டம் முழுக்கப் போய்விடும். சம்மதம் என்று யாரும் திருப்பிச் சொல்ல வேண்டாம். ஆட்சேபம் இருக்கிறவர் மட்டும் வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குள் ஆர்வெல்லாவைக் கூப்பிட வேண்டும். கூப்பிடவில்லையென்றால் அவர் பெயர் சேர்ந்துவிடும். விவசாயிகளின் கட்சி, வேலை நேரத்தை வீணாக்காத ஏற்பாடு. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வியாழக்கிழமைகூட அந்த டெலிபோன் அடித்ததில்லை. இதை ஹார்லன் பெருமையாகச் சொல்வார். எங்கள் ஒற்றை மேஜையில் நாங்கள் இதைச் சொல்லித்தான் சிரிப்போம்.

இதெல்லாம் போக, தினமும் காலை ஏழு மணிக்கு ஆர்வெல்லா லவோனைக் கூப்பிடுவாள். அதில் அரசியல் பாதிகூட இருக்காது. யார் வீட்டுத் தக்காளி பழுத்தது, பாதிரியார் ஏன் இருமினார், இதுதான். எட்டேகாலுக்கு லவோன் ஆபீஸ் கதவைத் திறக்க வேண்டும், எட்டு மணிக்கு மனசில்லாமல் வைப்பார்கள்.

எழுபத்துநான்கு மே மாதம். குடியரசுக் கட்சி ஜனாதிபதியின் ஆட்கள் எங்கள் கட்சி ஆபீசில் திருட்டுத்தனமாகப் புகுந்த வாட்டர்கேட் விவகாரம் வீட்டுக்கு வீடு நாறிக்கொண்டிருந்தது. ஜனாதிபதி தன் அறையில் பேசிய பேச்சையெல்லாம் டேப்பில் பிடித்து வைத்திருந்தார் என்பதும், அதை எழுத்தாக்கிக் கொடுத்துவிட்டார் என்பதும் ஊருக்கே தெரியும். பெரிய பத்திரிகைகள் அதைத் தனி இணைப்பாகப் போட்டன. பக்கத்துக்குப் பக்கம் 'கெட்ட வார்த்தை நீக்கப்பட்டது' என்று அடைப்புக்குறி. அந்த நேரத்தில், ஜனாதிபதிக்கு ஆதரவாக ஒவ்வொரு மாவட்டமும் பெயர் பட்டியலோடு தந்தி அனுப்ப வேண்டும் என்று கட்சி மேலிடம் கேட்டது.

ஹார்லன் கூட்டம் போட்டார். டேப்பில் என்ன இருக்கிறது என்று அவர் பேசவே இல்லை. "வீட்ல அப்பா ஒரு தப்புப் பண்ணிட்டாருன்னா, பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டா பஞ்சாயத்து வெப்போம்? கதவைச் சாத்திக்கிட்டு நமக்குள்ள பேசுவோம். வெளிய நிக்கும்போது அவர் பக்கத்துலதான் நிப்போம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஆர்வெல்லா எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். அவள் சமையலறையில் வெண்டலின் படமும் ஜனாதிபதியின் படமும் ஒரே ஆணி உயரத்தில் தொங்கின. அன்று மாலையே டெலிபோன் வேலை ஆரம்பித்தது.

லவோன் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஆபீஸ் முடிந்து நேராக ஆர்வெல்லா வீட்டுக்கு வந்தாள். கையில் அந்தப் பத்திரிகை இணைப்பு, ஓரமெல்லாம் பென்சில் குறி. ஆர்வெல்லா ருபார்ப் கேக் வெட்டி வைத்து காபி ஊற்றினாள். அந்தச் சமையலறையில் நடந்தது எனக்கு வெகுநாள் கழித்து ஆர்வெல்லா வாயாலேயே தெரிந்தது.

"முழுசாப் படிச்சியா?" என்று லவோன் கேட்டாள்.

"எனக்கு எதுக்குடி அது? ஆம்பளைங்க கதவைச் சாத்திக்கிட்டா அப்படித்தான் பேசுவாங்க. எனக்கு அவரைத் தெரியும்."

"உனக்கு அவர் படத்தைத்தான் தெரியும். நான் ரெண்டு தடவை படிச்சேன். நாளெல்லாம் அடுத்தவங்க காகிதத்தைச் சரிபார்த்து முத்திரை குத்துறவ நான். என்னால முடியாது, ஆர்வெல்லா. தந்தியில என் பேரைப் போடாத."

ஆர்வெல்லா கேக் தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "இன்னொரு துண்டு எடுத்துக்கோ" என்றாள்.

லவோன் எடுத்துக்கொண்டாள். சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லியாயிற்று என்று நினைத்துத்தான் சாப்பிட்டிருப்பாள். ஆட்சேபம் இருந்தால் கூப்பிட வேண்டிய இடமும் அந்த வீடுதானே. பிறகு அவள் பெண் மேற்குக் கரையோரத்து ஆரிகனில் வாங்கியிருக்கும் வீட்டைப் பற்றிப் பேசினார்கள்.

வியாழக்கிழமை மதியத்திலிருந்தே ஆர்வெல்லா டெலிபோனுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். தைக்க ஏதோ துணி எடுத்தாள், தைக்கவில்லை. லவோன் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் சொன்னது சிநேகிதிகள் பேச்சு, கட்சிக்குச் சொன்ன பதில் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆறு அடித்தது. டெலிபோன் அடிக்கவில்லை. ஆறேகாலுக்கு டைப்ரைட்டரை மேஜைமேல் ஏற்றினாள். முதலில் ஹார்லன் டைட்ஸ். அடுத்து ஆர்வெல்லா நீப். அதற்குக் கீழே, கை பழகிய வேகத்தில், லவோன் ஓவர்பி. மொத்தம் நாற்பத்திரண்டு பெயர்.

தந்தி போயிற்று. ஹார்லன் அதோடு விட்டிருக்கலாம். பட்டியலை எங்கள் பத்திரிகையிலும் போடச் சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தார். 'நாங்கள் ஜனாதிபதியோடு நிற்கிறோம்' என்று முழுப் பக்கம், தடித்த எழுத்து. நான்தான் கோத்தேன். இரண்டு பெயரும் சேர்ந்தே இருந்ததால் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. அச்சு ஏறும் வரைக்கும் சீட்டியடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பத்திரிகை வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆர்வெல்லா வழக்கம்போலக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் லவோன் தன் வழக்கமான பெஞ்சை விட்டுப் பாடகர் குழுப் பக்கம் போய் உட்கார்ந்தாள். இருபது வருஷமாக ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடியவர்கள். ஆர்வெல்லா அன்று பாட வாயே திறக்கவில்லை.

நான் மூக்கை நுழைத்தேன், மறுக்கவில்லை. லவோனின் ஆபீசுக்குப் போய், முகத்தைப் பார்த்தாலே அவள் சம்மதமில்லாமல் பெயர் போட்டது தெரிகிறது, மறுப்பு எழுதிக் கொடுத்தால் முதல் பக்கத்தில் போடச் சொல்கிறேன் என்றேன். அவள் முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டே, "என் பேரைச் சேர்த்தவங்களே வந்து எடுக்கட்டும், லம்பெர்ட். அவங்களைக் கள்ளக் கையெழுத்துக்காரின்னு நான் ஊருக்குச் சொல்லமாட்டேன்" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பதிவாளர் இப்படி வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்று எங்கள் மேஜையில் கத்தினேன்.

அந்தக் கோடையில் ஆர்வெல்லா செய்ததை நினைத்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். டெலிபோனில் கிடைக்காதவளைக் கவுண்ட்டரில் பிடிக்கலாம் என்று போக ஆரம்பித்தாள். பதிவாளர் ஆபீசில் ஏதாவது காரியம் இருக்க வேண்டுமே. ஜூனில் வீட்டுப் பத்திரத்துக்கு நகல் கேட்டாள். பத்து நாள் கழித்துக் கல்யாணச் சான்றிதழுக்கு நகல். ஜூலையில், ஓட்டர் பட்டியலில் தன் பெயர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வந்தாள். ஊரில் பாதிப் பேரின் பெயரைப் பட்டியலில் சேர்த்ததே அவள்தான். ஒவ்வொரு தடவையும் லவோன் எழுந்து நின்று, "சொல்லுங்க மிஸஸ் நீப், உங்களுக்கு என்ன வேணும்?" என்பாள். ஆர்வெல்லாவை அவள் 'நீங்க' என்று கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. நகலை எடுத்து, முத்திரை குத்தி, நன்றி சொல்லி நீட்டுவாள். ஆர்வெல்லா வாங்கிக்கொண்டு, கையுறையை மாட்டிக் கழற்றி, மறுபடி மாட்டி, போய்விடுவாள். திட்டியிருந்தாலாவது வீட்டுக்குப் போய் அழுதிருப்பேன் என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள். வீட்டில் அந்த நகல்களை அடுக்கி வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் அடியில் லவோனின் கையெழுத்து. சில சாயங்காலங்களில் எடுத்துப் பார்ப்பாளாம்.

ஆகஸ்ட் வந்தது. புது டேப் ஒன்று வெளியாயிற்று, கதை முடிந்தது. அதுவரை ஜனாதிபதிக்காக மார்தட்டிய பெரிய தலைவர்கள் எல்லாம் இரண்டே நாளில் கைகழுவினார்கள். வியாழக்கிழமை அவர் டெலிவிஷனில் வந்து பதவி விலகுவதாகச் சொன்னபோது ஹார்லனின் ஷோரூமில் கட்சிக்காரர்கள் கூடியிருந்தார்கள். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். கிண்டல் செய்யத்தான் போனேன், வாய் வரவில்லை.

"கடைசி ஆள் நாமதான். கடைசி வரைக்கும் நின்னோம்" என்றார் ஹார்லன்.

ஆர்வெல்லா டெலிவிஷனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "வாஷிங்டன்ல எல்லாரும் இறங்கிட்டாங்க ஹார்லன். நம்மளை நிக்கச் சொல்ல மட்டும் கூப்பிட்டாங்க. இறங்குறப்போ ஒருத்தராவது கூப்பிட்டாங்களா?"

குழம்பு அன்று அப்படியே மிஞ்சியது.

மறுநாள் ஆர்வெல்லா ஜனாதிபதி படத்தைக் கழற்றிவிட்டு, கேக் ஒன்று செய்து எடுத்துக்கொண்டு லவோன் வீட்டுக்கே போனாள். லவோன் வலைக்கதவைத் திறக்காமல் உள்ளே நின்றாள். ஆர்வெல்லா, அவரைப் பற்றி நீ சொன்னதுதான் சரி என்று ஆரம்பித்தாள். லவோன் குறுக்கே பேசினாள். "அவரு பண்ணினதுக்கு நீங்க எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். நீங்க பண்ணினதைச் சொல்லுங்க. என்கிட்ட இல்லை, பேப்பர்ல படிச்ச எல்லார்கிட்டயும்." கதவைச் சாத்தவில்லை, திறக்கவும் இல்லை. ஆர்வெல்லா கேக்கை நடையில் வைத்துவிட்டு வந்தாள்.

அப்போதே சொல்லியிருந்தால் கதை வேறு. பத்திரிகையில் சொல்லிவிடுகிறேன் என்று ஹார்லனிடம் போனாள். ஹார்லன் கெட்டவர் இல்லை, பயந்தவர். பட்டியலில் இருந்த மூன்று பேர் நவம்பரில் தேர்தலுக்கு நிற்கிறார்கள், ஒரு பெயர் பொய் என்றால் நாற்பத்திரண்டும் பொய் என்று எதிராளிகள் கிளப்புவார்கள், தேர்தல் முடியட்டும் என்று கெஞ்சினார். கட்சி என்ற வார்த்தையை அவர் சொன்னதும் இவள் தலையாட்டிவிட்டாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

அந்த மூன்று பேரில் லவோன் ஒருத்தி. அவளை எதிர்த்து நின்றவன் எங்கள் மேஜைப் பையன், விதை விற்கும் டுவைன் ஹ்ருபி. செப்டம்பரில் நாங்கள் ஒரு நோட்டீஸ் அடித்தோம். அந்த நாற்பத்திரண்டு பெயரை அப்படியே போட்டு, மேலே 'இவர்களை நினைவில் வையுங்கள்' என்று ஒரு வரி. யோசனை யாருடையது என்று கேட்க வேண்டாம். வரியும் என்னுடையது, அச்சும் என்னுடையது. சேர்த்தவங்களே வந்து எடுக்கட்டும் என்று லவோன் சொன்னதை நேரில் கேட்டவன் நான். கேட்டும் கோத்தேன். எங்கள் கட்சி முதல் தடவையாக ஜெயிக்கப்போகிறது என்ற ருசி நாக்கில் இருந்தது. வேறென்ன சொல்ல?

ஊர் ஜனங்கள் ஏமாந்த கோபத்தில் இருந்தார்கள். வாஷிங்டனைப் போய் அடிக்க முடியுமா, கைக்கு எட்டினவளை அடித்தார்கள். நேர்மையான பொம்பளை என்று நினைத்தோமே, இவளுமா என்று கடை கடையாகப் பேசினார்கள். லவோன் வாயைத் திறக்கவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை கவுண்ட்டரைத் திறந்தாள், மூடினாள்.

அக்டோபர் கடைசியில், தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஆர்வெல்லா எங்கள் அச்சகத்துக்கு வந்து டைப் அடித்த கடிதம் ஒன்றைக் கொடுத்தாள். ஹார்லனிடம் சொல்லவில்லை, உபதலைவி பதவியை விட்டுவிட்டேன் என்றாள். கடிதம் சின்னது. 'வியாழக்கிழமை ஆறு மணிக்குள் அழைப்பு வராததால், எங்கள் வழக்கப்படி திருமதி ஓவர்பியின் பெயரையும் நானே சேர்த்துவிட்டேன். அவர் சம்மதம் தரவில்லை. தவறு என்னுடையது.' படித்ததும் எழுந்து நின்று அவளுக்குக் கை கொடுத்தேன். எவ்வளவு நேர்மை என்று நினைத்தேன். அந்தச் சமையலறைப் பேச்சு அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், ஒரு வரி குறைகிறதே என்று கேட்டிருப்பேன்.

வியாழக்கிழமை கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை ஓட்டு. லவோன் அறுபத்தொரு ஓட்டில் தோற்றாள். அறுபத்துமூன்றாக இருந்திருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கட்சி மாறிக் குத்தினவன் நான். இதை எங்கள் மேஜையில் இன்றுவரை சொன்னதில்லை.

ஜனவரி எட்டாம் தேதி, புதன்கிழமை. மறுநாள் டுவைன் பதவி ஏற்கிறான். லவோனுக்குக் கவுண்ட்டரில் அதுதான் கடைசி நாள். சனிக்கிழமை அவள் ஆரிகனுக்கு, பெண் வீட்டோடு போகிறாள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏரி நன்றாக உறைந்திருந்தது. பனியில் துளை போட்டு மீன்பிடிக்க எனக்குப் புது வருஷத்து லைசென்ஸ் வேண்டும், போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். அவர்களுக்கும் முன்னால் ஆர்வெல்லா.

"சொல்லுங்க மிஸஸ் நீப், உங்களுக்கு என்ன வேணும்?"

"மீன்பிடி லைசென்ஸ்" என்றாள் ஆர்வெல்லா.

எனக்கு முன்னால் நின்றவன் சிரிப்பை அடக்க இருமினான். மீன் வாசனை பட்டாலே ஜன்னலைத் திறக்கிறவள் அவள். லவோன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விண்ணப்பப் பாரத்தை எடுத்தாள். பிறந்த தேதி கேட்டாள். உயரம் கேட்டாள். எடை கேட்டாள், ஆர்வெல்லா ஐந்து பவுண்டு குறைத்துச் சொன்னாள். அடுத்த கட்டம் கண்ணின் நிறம். அதை லவோன் கேட்கவில்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. அவளாகவே எழுதிக்கொண்டாள்.

பாரத்தைத் திருப்பிக் கையெழுத்துக்கு நீட்டும்போதுதான் பேசினாள். "பேப்பர்ல நீங்க எழுதினதைப் படிச்சேன். ஆறு மணிக்குள்ள அழைப்பு வரலைன்னு எழுதியிருந்தீங்க. அது நிஜம்தான். நான் கூப்பிடலை."

ஆர்வெல்லா பேனாவைக் கையில் எடுத்தாள், கையெழுத்துப் போடவில்லை. பின்னால் நாங்கள் மூன்று பேர் நிற்பது அவளுக்குத் தெரியும். அதில் ஒருவன் பத்திரிகைக்காரன் என்பதும் தெரியும். திரும்பி எங்களைப் பார்த்தாள். பிறகு எங்களுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமையே நீ வேண்டாம்னு சொன்ன. என் வீட்ல, என் மேஜைல உக்காந்து சொன்ன. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் போட்டேன்."

லவோன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"ஏன்டி?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்கு ஆர்வெல்லா எட்டு மாதம் காத்திருந்தாள். எனக்குமே அது கேட்டதும் கண் கலங்கியது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

"என்னைக்கும் என் பேருக்குக் கீழ உன் பேரு இருக்கும். அது இல்லாம என் பேரை மட்டும் டைப் அடிச்சுப் பார்த்தேன்டி, அன்னைக்கு. பார்க்கவே முடியலை. ஜனாதிபதி என்ன ஆனாலும் எனக்கு அப்போ ஒண்ணுமில்லை. நீ இல்லாம நிக்கத்தான் பயந்துட்டேன்."

"இப்போ நிக்கிறியே" என்றாள் லவோன் மெதுவாக. "எப்படி இருக்கு?"

ஆர்வெல்லா குனிந்து கையெழுத்துப் போட்டாள். லவோன் அதைச் சரிபார்த்து, முத்திரை குத்தி, கிழித்து அவள் கையில் கொடுத்தாள். கொடுத்த காகிதத்தை உடனே விடவில்லை.

"சனிக்கிழமை கிளம்புறேன். சாமான் ஒண்ணும் கட்டலை. நாளைக்குக் காலைல வா" என்றாள்.

வியாழன் காலை விடியும் முன்பே ஆர்வெல்லாவின் கார் அந்த வீட்டு வாசலில் பனியோடு நின்றதை நான் பார்த்தேன். சின்ன வீடு, ஒரு நாள் வேலைதான். இரண்டு நாள் கட்டினார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் உதவிக்கு ஆள் வேண்டுமா என்று கேட்கப் போனபோது, கட்டி முடித்த பெட்டி ஒன்றைப் பிரித்து இரண்டு பேரும் மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வேண்டாம், போ என்று விரட்டிவிட்டார்கள்.